தீக்களத் தலைமை – 6: திட்டத்தைக் கைவிடும் நேரம்

1970-இல் கலிஃபோர்னியாவை 13 நாள் எரித்த காட்டுத்தீயிலிருந்து ஐ.சி.எஸ். என்ற கட்டளை முறை பிறந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். களத்தில் யார் தலைவர், யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், ஒருவர் எத்தனை பேரைக் கட்டி மேய்க்கலாம் என்ற குழப்பங்களை அந்த முறை பெருமளவு தீர்த்துவைத்தது. அதற்குப் பிடிபடாத கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. எல்லாம் விதிப்படி நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்த விதியே ஆட்களைச் சாகடிக்கத் தொடங்கிவிட்டது. தலைவர் அதை எப்போது கண்டுகொள்வார்? பதில் தேடி இந்த வாரம் லண்டனுக்குப் போவோம்.

2017 ஜூன் 14, நள்ளிரவு தாண்டி 12.54 மணி. வடக்கு கென்சிங்டனில் உள்ள 24 மாடி கிரென்ஃபெல் டவரிலிருந்து தீயணைப்புத் துறைக்கு அழைப்பு வருகிறது. நான்காம் மாடியில் ஒரு வீட்டின் சமையலறையில், ஃப்ரிட்ஜ் இருந்த மூலையில் தீ. ஐந்து நிமிடத்தில் முதல் வண்டிகள் வந்துவிட்டன. களத்தின் முதல் தலைவர் ஒரு வாட்ச் மேனேஜர். அதாவது, ஒரு நிலையத்தில் ஒரு ஷிஃப்டைப் பார்த்துக்கொள்பவர். சமையலறைத் தீ என்பது அவருக்கும் அவர் ஆட்களுக்கும் பழகிப்போன வேலை.

பிரிட்டனின் அடுக்குமாடிகளுக்கு அப்போது இருந்த விதி எளிமையானது: உங்கள் வீட்டில் தீ இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே இருங்கள். ஒவ்வொரு வீடும் ஒரு கான்கிரீட் பெட்டி. உள்ளே பிடித்த தீ வெளியே பரவ நேரமாகும். அதற்குள் வீரர்கள் அணைத்துவிடுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் படியிறங்கினால்தான் ஆபத்து. பல பத்தாண்டுகளாக ஆயிரக்கணக்கான தீ விபத்துகளில் சரியாக வேலை செய்த விதி இது. அதனால்தான் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை.

வீரர்கள் 1.14 மணியளவில் அந்தச் சமையலறைக்குள் நுழைந்து தண்ணீர் அடித்தார்கள். ஆனால் தீ ஏற்கெனவே ஜன்னல் வழியாக வெளியேறி, கட்டடத்தின் மேல் போர்த்தியிருந்த தகடுகளைப் பிடித்துவிட்டது. 2016-இல் முடிந்த புதுப்பிப்பில் பொருத்தப்பட்டவை அவை. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகள், நடுவே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். எரிந்தால் உருகி வழியும் பொருள். 1.27 மணிக்குள் தீ கட்டடத்தின் உச்சியைத் தொட்டது.

அடுத்து நடந்ததைக் கடிகாரத்தை வைத்துப் பார்க்க வேண்டும். 1.24-க்கு 8 வண்டிகள் வேண்டும் என்று வயர்லெஸ்ஸில் கேட்கிறார் தலைவர். 1.27-க்கு 10. 1.28-க்கு 15. 1.29-க்கு 20. 1.31-க்கு 25. ஏழே நிமிடங்களில் எட்டு இருபத்தைந்தானது. ஆக, இது தன் கையை மீறிய தீ என்று அவர் கண் அவருக்குச் சொல்லிவிட்டது. அவர் கேட்டதோ அதே திட்டத்துக்கு இன்னும் அதிக ஆட்களை. 'உள்ளேயே இருங்கள்' என்ற திட்டம் அப்படியே நின்றது. தொலைபேசியில் கதறிய குடியிருப்பாளர்களுக்குக் கட்டுப்பாட்டு அறையும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

2.35-க்குக் கட்டுப்பாட்டு அறை தன் அறிவுரையை மாற்றியது. 2.44-க்குக் களத் தலைமையை ஏற்ற ஆண்டி ரோ என்ற மூத்த அதிகாரி, மூன்றே நிமிடத்தில், 2.47-க்கு, அந்த விதியைக் கைவிட்டார். இவர்தான் பின்னாளில் லண்டன் தீயணைப்புத் துறையின் ஆணையர் ஆனவர். நீதிபதி மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணையின் முதல் அறிக்கை 2019 அக்டோபரில் வெளிவந்தது. 1.30-க்கும் 1.50-க்கும் இடையிலேயே இந்த முடிவை எடுத்திருக்க முடியும், எடுத்திருக்க வேண்டும் என்றது அது. எடுத்திருந்தால் இறந்தவர்கள் எண்ணிக்கை குறைந்திருக்கும். அன்றைய தீ கொண்டுபோன உயிர்கள் 72.

பழியை அந்த வாட்ச் மேனேஜர் தலையில் கட்டிவிட்டுப் போவது சுலபம். அறிக்கை அப்படிச் செய்யவில்லை. வெளியேற்றம் தேவைப்படும் கட்டம் எது என்று அடையாளம் காணவோ, அதை எப்படி நடத்துவது என்றோ களத் தலைவர்களுக்குத் துறை பயிற்சியே தரவில்லை என்றது. 2024 செப்டம்பரில் வந்த இரண்டாம் அறிக்கை, தீப்பிடிக்கும் தகடுகளை விற்ற நிறுவனங்கள், கண்டும் காணாமலிருந்த அரசுத் துறைகள் என்று பெரிய குற்றவாளிகளை வரிசையாக நிறுத்தியது. தீயணைப்புத் துறையையும் விடவில்லை. 2009-இல் லண்டனிலேயே லாக்கனல் ஹவுஸ் அடுக்குமாடித் தீயில் ஆறு பேர் இறந்தார்கள். அங்கேயும் தீ வெளிச்சுவர் வழியாகப் பரவியது. அங்கேயும் உள்ளே இருக்கச் சொன்னார்கள். எட்டு ஆண்டுகள் கையில் இருந்தும், அந்தப் பாடம் வகுப்பறைவரை வந்து சேரவில்லை.

பயிற்சி இல்லாவிட்டால் என்ன, அனுபவம் கைகொடுக்காதா? கொடுக்கும், ஓர் எல்லைவரை. அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன் 1980-களில் தீக்களத் தலைவர்கள் முடிவெடுக்கும் விதத்தை ஆராய்ந்தார். இரண்டு வழிகளையாவது எடைபோட்டு ஒன்றைத் தேர்வார்கள் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு ஆச்சரியம். அவர்கள் ஒப்பிடுவதே இல்லை. 'இது அந்த மாதிரித் தீ' என்று பழைய அனுபவத்தோடு பொருத்திப் பார்க்கிறார்கள். முதலில் தோன்றும் வழியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, சரிவந்தால் இறங்கிவிடுகிறார்கள்.

அவர் எழுதிய சம்பவம் ஒன்று துறையில் பிரபலம். ஒரு வீட்டின் பின்பக்கச் சமையலறையில் தீ. தண்ணீர் அடித்தும் அடங்கவில்லை. கூடத்துக்குப் பின்வாங்கி நின்ற அதிகாரிக்கு ஏதோ உறுத்துகிறது. இவ்வளவு சிறிய தீக்குக் கூடத்தில் இவ்வளவு வெக்கை ஏன்? இவ்வளவு வெக்கைக்குச் சத்தம் ஏன் இவ்வளவு குறைவு? காரணம் புரியாமலேயே எல்லோரையும் வெளியே கூட்டிவந்தார். அடுத்த சில நொடிகளில், அவர்கள் நின்றிருந்த தரை இடிந்து விழுந்தது. தீ இருந்தது காலுக்கு அடியில், நிலவறையில்.

எதிர்பார்த்தது ஒன்று, கண்ணெதிரே இருப்பது வேறு. அந்த இடைவெளியை அவர் உணர்ந்ததற்குக் காரணம், கூடத்தில் நின்றால் சமையலறைத் தீ எப்படி இருக்கும் என்பதை ஏற்கெனவே பல முறை உணர்ந்திருந்ததுதான். மேலே இருந்து கீழே வரை வெளிச்சுவர் எரியும் 24 மாடிக் கட்டடம் அன்றிரவு கிரென்ஃபெல்லில் யாருடைய அனுபவத்திலும் இல்லை. அனுபவம் தராததைப் பயிற்சிதான் தர வேண்டும்.

அது எப்படிப்பட்ட பயிற்சி? இங்கே சப்ரினா கோஹன்-ஹாட்டனைச் சொல்லாமல் நகர முடியாது. பதினைந்து வயதில் தெருவில் படுத்து உறங்கியவர். 'தி பிக் இஷ்யூ' பத்திரிகை விற்றுப் பிழைத்தவர். 18 வயதில் தெற்கு வேல்ஸ் தீயணைப்புத் துறையில் சேர்ந்தவர். ஒரு நாள், சக வீரர் ஒருவருக்குப் பலத்த தீக்காயம் என்ற அழைப்புக்கு வண்டியில் விரைந்தார். காயம்பட்ட வீரரின் குழுவில் அவரை மணக்கவிருந்தவரும் இருந்தார். காயம்பட்டது வேறொருவர் என்பது போன பிறகே தெரிந்தது. களத்தில் மனிதத் தவறுகள் ஏன் நேர்கின்றன என்ற கேள்வியோடு கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்து முனைவர் பட்டம் பெற்றார்.

களத் தலைவர்களின் ஹெல்மெட்டில் கேமரா பொருத்தி அவர் பதிவுசெய்தார். பாடப்புத்தகம் சொல்வது: நிலைமையைப் பார், திட்டமிடு, செயல்படு. கேமரா காட்டியது: பார், செயல்படு. நடுவில் இருக்க வேண்டிய படியைப் பெரும்பாலும் தாண்டிவிடுகிறார்கள். அதற்காக அவர் தந்த மருந்து, உத்தரவு கொடுக்கும் முன் தலைவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய மூன்று கேள்விகள். இதை ஏன் செய்கிறேன்? செய்தால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன்? கிடைக்கும் பலன், எடுக்கும் ஆபத்துக்குத் தகுமா? இந்தக் கேள்விகளைப் பழகியவர்கள் திட்டமிட்டுச் செயல்படுவது அதிகரித்தது. வேகமும் குறையவில்லை என்று சோதனைகளில் கண்டார்கள். பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதலிலும் இந்த முறை இடம்பெற்றது.

மூன்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது கேள்வி. 'பத்து நிமிடத்தில் கரும்புகை வெளுக்கும்' என்று வாய்விட்டுச் சொன்ன தலைவருக்கு, பத்தாவது நிமிடத்தில் புகை வெளுக்காவிட்டால் சுருக்கென்று தைக்கும். எதையும் எதிர்பார்க்காதவருக்கு எதுவும் தைக்காது. அதனால் கம்ப்யூட்டர் திரையில் தீயை ஓட்டிக்காட்டும் பயிற்சிகளில், பயிற்றுநர் வேண்டுமென்றே காட்சியைக் கெடுப்பார். புகையின் நிறத்தை மாற்றுவார், தீயை எதிர்ப்பக்கச் சுவரில் காட்டுவார், வயர்லெஸ்ஸை ஊமையாக்குவார். முதல் உத்தரவு சரியா என்பதோடு, அதை அதிகாரி எப்போது திரும்பப் பெற்றார் என்பதற்கும் மதிப்பெண் இருக்க வேண்டும்.

திரும்பப் பெறுவதோடு வேலை முடிவதுமில்லை. கிரென்ஃபெல்லில் இருந்தது ஒரே படிக்கட்டு, அகலம் சுமார் ஒரு மீட்டர். அதிலேதான் வீரர்கள் ஏற வேண்டும், ஹோஸ் போக வேண்டும், குழந்தைகளோடும் முதியவர்களோடும் குடும்பங்கள் இறங்க வேண்டும். குடியிருப்பாளர் அனைவரையும் எழுப்பும் பொது அலாரம் கட்டடத்தில் இல்லை. 'எல்லோரும் இறங்குங்கள்' என்று முடிவெடுத்தாலும், அதை யாரிடம், எப்படிச் சேர்ப்பது? அதற்கும் முன்கூட்டியே ஒத்திகை வேண்டும். புகை நிறைந்த படியில் இறக்கப்படுபவர்கள் அணிய, சுமார் 15 நிமிடம் தாங்கும் வடிகட்டி முகமூடிகளை லண்டன் வீரர்களுக்குத் தந்தது கிரென்ஃபெல்லுக்குப் பிறகுதான்.

காட்டுத்தீ வீரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வேலை தொடங்கும் முன்பே எதிரில் ஒரு மேட்டையோ ஓடையையோ காட்டி, 'தீ இதைத் தாண்டினால் கிளம்புகிறோம்' என்று பேசி வைத்துக்கொள்வார்கள். தாண்டிய பிறகு விவாதம் கிடையாது. அந்த நேரத்தில் மனம் இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்றுதான் சொல்லும் என்பது அவர்களுக்குத் தெரியும். நகரத்து அதிகாரிகளுக்கும் இதையே சொல்லித்தர வேண்டும். ஒரு திட்டத்தை அறிவிக்கும்போதே, எது நடந்தால் அதைக் கைவிடுவேன் என்பதையும் சேர்த்து அறிவிக்கத் தெரிந்தவரிடமே தீக்களத்தின் பொறுப்பைக் கொடுக்க வேண்டும்.

அடுத்த வாரம்: 1999 டிசம்பர், அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் எரியும் குளிர்பதனக் கிடங்கு. உள்ளே ஆறு வீரர்கள் சிக்கியிருக்க, அவர்களை மீட்கத் துடித்த மற்றவர்களை வாசலில் மறித்து நின்ற ஓர் அதிகாரி.

(தொடரும்)