நிலத்தின் வெப்பமும் நகரத்தின் கடனும்

நிலத்தின் ஆழத்திலுள்ள வெப்பம் இயற்கை அளித்த கொடை. ஆயின், அதனை வீடுதோறும் கொண்டுசேர்க்கும் கிணறுகளும் குழாய்களும் பெருஞ்செலவில் அமைவன. குளிர்நாடுகளிற் சில நகரங்கள் இவ்வெப்பத்தைக் குடிநீர்போலப் பொதுச்சேவையாக வழங்கி வருகின்றன. அத்தகைய நாடுகளில் வாழும் நம் பழைய மாணவர்க்குப் பனிக்காலக் கட்டணத்தின் பளு நன்கு தெரியும். அக்கட்டணம் எவர் கையிற் சேர்கின்றது, கிணறு பொய்த்தால் நட்டம் எவர் தலையில் விழுகின்றது என்னும் இரு வினாக்களை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் நகரமே உடைமையாளராய் விளங்கும் முறையை நோக்குவோம். ஐசுலாந்தின் தலைநகரான இரெய்க்யவிக்கில், பெண்கள் துணி வெளுத்துவந்த வெந்நீரூற்றுகளின் அருகே கிணறு துளைக்கப்பட்டது. 1930இல் அந்நீர் 3 கிலோமீற்றர் நீளக் குழாய்வழியே ஒரு பாடசாலையை அடைந்தது. பின்னர் ஒரு மருத்துவமனைக்கும் ஏறத்தாழ 60 வீடுகளுக்கும் சென்றது. உலகப்போரின் இடையூறுகளைக் கடந்து, 1943இல் நகர்ப்புறத்தேயுள்ள இரெய்க்கிர் என்னுமிடத்திலிருந்தும் வெந்நீர் வரலாயிற்று. இன்று அந்நாட்டில் பத்தில் ஒன்பது வீடுகள் நிலவெப்பத்தாலேயே சூடேற்றப்படுகின்றன.

இவ்வளர்ச்சிக்குத் துணைநின்றது ஒரு நிதியேற்பாடு. இத்தொழிலில் முதற்செலவே பெருஞ்செலவு. துளைத்துப் பார்க்குமுன் ஆழத்தில் நீருண்டோ இல்லையோ என்பது உறுதியாகாது. எனவே, துளைத்தற்கு அரசின் நிதியம் கடன் கொடுத்தது. கிணறு பொய்த்தால் அக்கடனை மானியமாக மாற்றிக்கொண்டது. சிற்றூர்களும் அஞ்சாது முயல இதுவே வழிவகுத்தது. பிரான்சிலும் 1980களிலிருந்து இத்தகைய நட்டத்தை ஈடுசெய்யும் பொறுப்புறுதி நிதியொன்று இயங்கி வருகின்றது.

எனினும், பொதுவுடைமை என்ற பெயர் மட்டும் காப்பாகாது. இரெய்க்யவிக் மாநகரசபை பெரும்பங்கு வகிக்கும் வலு நிறுவனம் 1999இல் உருவாயிற்று. மின்னிலையங்களை விரிவாக்குதற்கு அது வெளிநாட்டு நாணயங்களிற் பெருங்கடன் பட்டது. மக்கள் கட்டணம் செலுத்தியதோ குரோனாவில். 2008இல் குரோனாவின் மதிப்பு வீழ்ந்தபோது கடன்பளு பெரிதும் கூடிற்று. 2011இல் கட்டணத்தை உயர்த்தியும், செலவைக் குறைத்தும், சொத்துக்களை விற்றும், உடைமையாளரான நகரசபைகளிடமே கடன் வாங்கியும் அந்நிறுவனம் மீளவேண்டியதாயிற்று. வீடு சூடேற்றும் எளிய குடியானவன், தான் படாத கடனுக்கு வட்டி கட்டினான்.

இரண்டாவது, குத்தகை முறை. பிரெஞ்சு நகரங்கள் பல, குழாயமைத்து நடத்தும் உரிமையை நீண்டகால ஒப்பந்தத்தின்வழி ஒரு கம்பனியிடம் ஒப்படைக்கின்றன. முதலீடு கம்பனியுடையது, தவணை முடிவில் அமைப்பு நகரத்திற்கு மீளும். நகரசபையின் உடனடிச் செலவு குறையும். ஆனால், ஒப்பந்த வாசகம் தளர்ந்திருப்பின் மக்கள் பல்லாண்டு வருந்த நேரும்.

மூன்றாவது, முன்னரேயுள்ள எரிவாயுக் கம்பனியே உடைமையாளராதல். அமெரிக்காவின் மசச்சூசெற்சு மாநிலத்தில், பிறேமிங்காம் நகரில், எவர்சோர்சு என்னுங் கம்பனி 2024இல் 36 கட்டிடங்களை இணைத்து இத்தகைய வலையமைப்பைத் தொடக்கியது. அங்கு வெந்நீரூற்று இல்லை. சில நூறு அடி ஆழத்து நிலத்தின் மிதமான வெப்பத்தைக் குழாய்நீர் ஏந்திவர, வெப்பப்பம்பிகள் அதனை வீட்டிற்கேற்ப உயர்த்துகின்றன. கோடையில் வீட்டின் வெப்பத்தை நிலத்திற்கே திருப்புகின்றன. செலவைப் பெருந்தொகையான வாடிக்கையாளரிடையே பகிரலாம் என்பது இம்முறையின் நலம். பயன்பெறாதவரும் பங்கு செலுத்துவர் என்பது அதன் குறை.

இம்மூன்றனுள் எது சிறந்தது? உடைமை நகரத்திடமே இருத்தல் நன்று என்பது எமது துணிபு. குழாய் மண்ணுக்குள் பல தலைமுறை கிடக்கும். ஆதாயம் நாடும் கம்பனி அத்துணைக் காலம் காத்திருத்தல் அரிது. ஆனால், துளைத்தலின் ஆபத்தை நாடு முழுவதும் தாங்கவேண்டும். வருமானம் வரும் நாணயத்திலேயே கடன் பெறவேண்டும். வெப்பத்திற்கெனப் பெற்ற கட்டணம் வேறு முயற்சிகளுக்குப் பிணையாகாது காக்கவேண்டும். கணக்கு மக்கள்முன் வைக்கப்படவேண்டும். இந்நான்கும் இல்லாவிடின், ஊர்ச்சொத்து என்பது ஊர்க்கடன் என்பதன் மறுபெயராகிவிடும். நாளை பொதுப்பதவிகளை ஏற்கவிருக்கும் இளமாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.