எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

சாலாக் செலாத்தான் பக்கம் வாகனப் பட்டறைகளுக்கும் பழைய உதிரிப்பாகக் கடைகளுக்கும் பஞ்சமில்லை. ஜப்பானிலிருந்து ஹாஃப் கட்டாக, அதாவது பாதியாக வெட்டிய வண்டியாக, வந்திறங்கும் லோரி எஞ்சினை வாங்கி, சீல், கேஸ்கெட் மாற்றி மறுபடி ஓடவிடுவது கிள்ளான் பள்ளத்தாக்கில் ஊறிப்போன தொழில். ஒற்றை லோரியை வைத்துப் பிழைப்பவர்களில் சிலர் இந்த வேலையை வீட்டு வாசலில் செயின் பிளாக் கட்டித் தாங்களே பார்த்துவிடுகிறார்கள். வண்டி நின்றால் வருமானம் நின்றுவிடுமே! அவர்கள் கைப்பழக்கத்தில் செய்கிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்காக நசுக்குகிறது. காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அதில் தூவப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. 1893 ஆகஸ்டில், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில், ருடால்ஃப் டீசலின் முதல் எஞ்சினில் எரிபொருள் பற்றிக்கொண்ட வேகத்தில் அழுத்தமானியே வெடித்துச் சிதறியது. ஒழுங்காக ஓடும் எஞ்சின் 1897இல்தான் கைகூடியது.

நம் சாலைகளில் ஓடும் மிட்சுபிஷி கேன்டர் லோரிகளின் 4டி34 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் விட்டம் 104 மில்லிமீட்டர், பரப்பு சுமார் 85 சதுர சென்டிமீட்டர். சுமை இழுக்கும்போது எரிப்பு அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவைத் தொட்டால், ஒவ்வொரு வெடிப்பிலும் எட்டரை டன் விசை சிலிண்டர் ஹெட்டை மேலே தள்ளுகிறது. அதை எதிர்த்து நிற்பவை சில போல்ட்டுகளும் ஒரு மெல்லிய கேஸ்கெட்டும். கசிவு என்றாலே எங்கோ ஓர் அழுத்தம் தன் வேலியைத் தாண்டிவிட்டது என்றுதான் அர்த்தம்.

எங்கே தாண்டியது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் அனுபவம் தெரியும். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். எண்ணெய்ச் சட்டியின் அடியில் சொட்டுகிறது என்று சட்டியின் கேஸ்கெட்டை மாற்றுவார்கள்; கசிவோ மேலே ராக்கர் மூடியின் பின்மூலையில் இருக்கும். அதனால் முதலில் எஞ்சினை நன்றாகக் கழுவிக் காயவைத்து, சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரைத் தூவி, சிறிது நேரம் ஓடவிட்டு மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். பவுடர் முதலில் நனையும் இடமே ஊற்று. நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளைக்கு நான்கு லிட்டருக்கு மேல் போய்விடும், அலட்சியம் கூடாது.

இன்னொரு பொறி உண்டு. பிஸ்டன் ரிங் தேய்ந்தால் எரிந்த வாயு கீழே கிராங்க் அறைக்குள் இறங்கி, எண்ணெயை எந்த சீல் பலவீனமோ அதன் வழியே வெளியே தள்ளும். பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் அதே கதைதான். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள்: புகை புஸ்ஸென்று அடித்தால் கிராங்கின் பின் சீலை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. அந்த சீலுக்காகக் கியர்பாக்ஸை இறக்கும் முன் இதைப் பார்க்காமல் விடுவதைப் போல வீண் உழைப்பு வேறில்லை.

சொட்டாத கசிவும் இருக்கிறது. டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. அந்த வழியில் ஓட்டை விழுந்தால், எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். காலையில் வண்டி கிளம்ப அடம்பிடிக்கும். பழைய வண்டிகளுக்கு இங்கே கூடுதல் காரணம் ஒன்று. மலேசிய டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசலை 10 விழுக்காடு கலப்பது 2019இல் நடைமுறைக்கு வந்தது. நம் குடும்பங்கள் தலைமுறையாக உழைத்த தோட்டங்களின் எண்ணெய் இன்று நம் டேங்கில்! பயோடீசல் பழைய குழாய்களில் உள்ள நைட்ரைல் ரப்பரை உப்பவும் இளகவும் செய்யக்கூடியது. எரிபொருள் குழாய் மாற்றுகிறவர்கள் ஃப்ளோரோ ரப்பர் வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

இன்ஜெக்டர் பக்கக் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. அங்கே பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள்.

மறுபடி பூட்டுவது தனிப் பொறுமை. ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்ப்பட்டையும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்க வேண்டும். வளைந்திருந்தால் ஸ்கிம் போடக் கொடுப்போம். அளவுக்கு மேல் சீவினால் வால்வு பிஸ்டனை முட்டும். பல டீசல் எஞ்சின்களில், பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று அளந்துதான் கேஸ்கெட்டின் தடிமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

போல்ட்டுகளே இதில் முக்கியம். இறுக்கும்போது போல்ட் ஸ்பிரிங் போல் நீள்கிறது; திரும்பிச் சுருங்கத் துடிக்கும் அந்த இழுவைதான் ஹெட்டைப் பிடித்து வைக்கிறது. ஆனால் நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு மறையிலும் தலைக்கடியிலும் உராய்வாகவே போய்விடும். மறை அழுக்காக இருந்தால் டார்க் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும், போல்ட் நீண்டிருக்காது. மறையைச் சுத்தம் செய்து, கையேடு சொன்னால் எண்ணெய் தொட்டு, நடுவில் தொடங்கி வெளியே நோக்கிப் பல சுற்றுகளில் இறுக்குவது இதனால்தான். போல்ட் துளைக்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் நசுங்காது, பிளாக்தான் விரிசல் விடும்.

சிலிக்கனைத் தாராளமாகப் பூசுகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று: உள்ளே பிதுங்கியது பிய்ந்து எண்ணெய் பம்பின் சல்லடையை அடைக்கும். மெல்லிய கோடு போதும்.

டைமிங் கியர் குறிகளை ஒன்றுக்கொன்று நேராக வைத்து, வால்வு இடைவெளியைச் சரிபார்த்து, கையால் எஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றிய பிறகே ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும். இன்ஜெக்‌ஷன் பம்பை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். அதற்கென்று பம்ப் கடைகள் இருக்கின்றன. முதலில் டீசலை நிறுத்தி வைத்துச் சுழற்றி, எண்ணெய் அழுத்த விளக்கு அணைந்ததும் கைப்பம்பால் காற்றை வெளியேற்றி, பிறகு கிளப்பலாம். வடித்த மிஞ்ஞாக் ஹீத்தாமை, அதாவது பழைய எஞ்சின் எண்ணெயை, வாசல் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். மலேசியச் சட்டம் அதை அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தியிருக்கிறது. அந்தச் சாக்கடை போய்ச் சேர்வதோ கிள்ளான் ஆற்றில். டின்னில் அடைத்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.