காந்தமும் வீட்டு உலோகங்களும்: ஊவாத் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஒரு பொருளின் இயல்பை அதன் பெயரையும் நிறத்தையும் கொண்டு முடிவுசெய்வது மக்களிடையே வழக்கம். அவ்வழக்கம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதைச் சோதிக்கக் காந்தம் ஓர் எளிய கருவியாகும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளின் லயன் வீடுகளில் நாளாந்தம் புழங்கும் உலோகங்களுள் எவற்றைக் காந்தம் ஈர்க்கும், எவற்றை ஈர்க்காது, அதிலிருந்து எம்முடிவுக்கு வரலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்ச் சிந்தனை மரபுக்குக் காந்தம் புதியதன்று. 13ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டார், சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்தில் காந்தத்தின் முன் இரும்பு செயற்படுவதை இறைவனுக்கும் உயிருக்குமுள்ள தொடர்புக்கு உவமையாக்கினார். கேட்போர் முன்னரே அறிந்ததிலிருந்துதான் உவமை பிறக்கும். எனவே, இரும்போடு உழைத்தவர்களின் அனுபவ அறிவையே தத்துவம் பின்னர் எடுத்தாண்டது எனக் கருதலாம். ஆயின் இரும்பு ஏன் ஈர்க்கப்படுகின்றது என்னும் வினாவுக்கு உவமை விடை தருவதில்லை.

அவ்விடையைப் பௌதிகவியல் தருகின்றது. இலத்திரன் ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய காந்தம். பெரும்பாலான உலோகங்களில் இவற்றின் விளைவு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும், அல்லது மிக வலுவற்றதாகவே நிற்கும். இரும்பு, நிக்கல், கோபாற்று ஆகியவற்றிலோ அயலணுக்களின் காந்தங்கள் ஒரே திசையில் அணிவகுத்துச் சிறு பகுதிகளாக அமைகின்றன. வெளிக்காந்தம் நெருங்கும்போது அப்பகுதிகள் இணங்கி நிற்பதால் வலிய ஈர்ப்பு உண்டாகின்றது.

இனி வீட்டுப் பொருள்களை நோக்குவோம். கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, இரும்புச்சட்டி ஆகியன காந்தத்தில் ஒட்டும். அலுமினியப் பானை, பித்தளைக் குடம், செப்புப் பாத்திரம் ஆகியன ஒட்டா. பெயர் மயக்கந் தருவது ‘தகரம்’. கூரைத் தகரம் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. மீன் ரின் வெள்ளீயம் பூசிய உருக்கு. பூச்சைக் காந்தம் பொருட்படுத்தாது. உள்ளிருக்கும் இரும்பையே அது பற்றும். நாணயங்களும் இத்தகையனவே. 1984இல் வெளிவந்த செப்பு-நிக்கல் இரண்டு ரூபா நாணயம், நிக்கல் கலந்திருந்தும் ஒட்டாது. 2005இன் பின் வந்த, நிக்கல் பூசிய உருக்கு நாணயமோ ஒட்டும்.

எவர்சில்வர் இன்னும் ஆழ்ந்த பாடத்தைத் தருகின்றது. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்ட வகையில் ஏறத்தாழ 70 சதவீதம் இரும்பே. எனினும் அது பெரும்பாலும் ஒட்டாது. அடித்து வளைத்த விளிம்பில் மட்டும் சிறிது ஈர்ப்புத் தென்படக்கூடும். நிக்கல் அணுக்களின் அடுக்கையே மாற்றிவிடுவதுதான் காரணம். நிக்கல் சேராத குரோமிய வகை நன்கு ஒட்டும். ஆகவே காந்தத் தன்மை தனியணுவின் சொத்தன்று. அணுக்கள் தம்முள் கொண்ட உறவின் விளைவு. ‘ஒட்டாததே உயர்ந்த எவர்சில்வர்’ என்னும் நம்பிக்கையும் இதனால் தளர்கின்றது. நிக்கலைக் குறைத்து மங்கனீசு சேர்த்த மலிவான வகையும் ஒட்டாது.

இவ்வறிவு தோட்டத்துக்கு அந்நியமானதன்று. ‘ஸ்டோர்’ எனத் தொழிலாளர் வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையில், பொறிகளும் சல்லடைகளும் தேய்வதால் தூளில் இரும்புத் துகள் கலக்கும். அதனைப் பிடித்தெடுக்கவே சலிக்கும் இடத்தில் காந்தங்களை வைக்கின்றனர். ஏற்றுமதிப் பண்டத்தின் தூய்மையைக் காக்கும் அக்கருவி, அதை உற்பத்திசெய்பவரின் சொற்ப உடைமையையும் காக்க வல்லது.

கடைசி நாட்கூலியும் செலவான வீட்டில் விற்பதற்கு எஞ்சுவது பெரும்பாலும் பாட்டி காலத்துக் குடமோ விளக்கோதான். பித்தளையும் செம்பும் இரும்பைவிடப் பன்மடங்கு விலை பெறுவன. கறுத்துப்போன பாத்திரத்தைப் ‘பழைய இரும்பு’ என நிறுப்பவரிடம் காந்தத்தை வைத்துக் காட்டினால் அப்பேச்சு நிலைக்காது. மறுபுறம், பித்தளை நிறப் பூச்சிட்ட இரும்பை வாங்கி ஏமாறுவதையும் அது தடுக்கும். அதன் எல்லையையும் மறத்தலாகாது: ஒட்டாமை ஒன்றே பித்தளைக்குச் சான்றாகாது, எடை, சுரண்டிய இடத்து நிறம் ஆகியவற்றையும் சேர்த்தே நோக்கல் வேண்டும்.

நிறுப்பவர் மட்டும் அறிந்திருக்கும்வரை அறிவு அவருக்கே இலாபமாகும். விற்பவரும் அறியும்போதுதான் தராசு நேராகும். பழைய ஒலிபெருக்கி ஒன்றின் பின்புறத்தில் கிடைக்கும் சிறு காந்தமே அதற்குப் போதும்.