வெள்ளைப்படுதலுக்குள் ஒளியும் ரத்தம்

"வெள்ளப்படுதும்மா." தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் மகளிர் மருத்துவரிடம் போகிற பெண்கள் பலர் இந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அரிப்பு, நாற்றம், கணவனோடு சேரும்போது எரிச்சல் எல்லாம் அதற்குள் அடக்கம். சேர்ந்த பிறகு துணியில் படும் ரத்தமும் அதற்குள்ளேயே போய்விடுகிறது, சிக்கல் அங்கேதான். கருப்பை வாய்ப் புற்றுநோய் வெளியே காட்டும் அடையாளங்களில் அது முக்கியமானது. மாதவிடாய் நின்று வருஷக்கணக்கான பிறகு எட்டிப்பார்க்கும் ரத்தமும், 'மறுபடி தூரமாகிட்டேன்' என்று சிரித்து மறக்கிற சங்கதி அல்ல.

இந்த நோயைத் தேடிப்பிடிக்கும் வேலையில் தேனி முன்னோடி. உலக வங்கிக் கடனில் நடந்த தமிழக அரசின் சுகாதாரத் திட்டம், 2007-இல் கருப்பை வாய்ப் பரிசோதனையை முதலில் தொடங்கிப் பார்த்தது தேனியிலும் தஞ்சாவூரிலும்தான். பிறகுதான் மாநிலம் முழுக்கப் பரவியது. பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் அதற்கும் முன்பே பெரிய ஆய்வு ஒன்று நடந்திருந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் 30 முதல் 59 வயதுப் பெண்கள் 49,311 பேர். அழைக்கப்படாத ஊர்களோடு ஒப்பிட்டால் இங்கே இந்நோயால் இறந்தவர்கள் 35 சதவீதம் குறைவு. 2007-இல் 'லான்செட்' இதழ் அதை வெளியிட்டது.

இத்தனைக்கும் அந்தப் பரிசோதனையின் மூலப்பொருள் வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலம். நீர்த்த அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கருப்பை வாயில் ஒற்றி, ஒரு நிமிடம் பொறுத்தால், மாறத் தொடங்கிய செல்கள் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அயோடின் தடவினால் இன்னொரு வேடிக்கை: நல்ல செல்களில் கிளைகோஜன் இருப்பதால் அவை கரும்பழுப்பாகும், கோளாறான இடம் மஞ்சளாகவே நிற்கும். நர்ஸே பார்த்துச் சொல்லிவிடலாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு மட்டும் இது அவ்வளவு கைகொடுக்காது. பார்க்கவேண்டிய பகுதி அந்த வயதில் உள்ளே ஒதுங்கிவிடுகிறது.

நோய்க்குக் காரணம் ஹெச்பிவி என்னும் வைரஸ். உடலுறவில் தொற்றுவது. இதைக் கேட்டதும் வீட்டில் சந்தேகம் கிளம்பும். ஆனால் பெரும்பாலானோரை வாழ்நாளில் ஒருமுறையாவது தொட்டுப்போகும் வைரஸ் இது. பலருக்கு ஓரிரு ஆண்டில் தானாகவே அழிந்துவிடும். சிலரிடம் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து, பத்து இருபது வருஷம் கழித்துப் புற்றாகும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது.

மாமியார் பக்கத்தில் நிற்க, எந்தப் பெண் இதையெல்லாம் வாய்திறந்து பேசுவாள்? துணைக்கு வந்தவரை வெளியே அமரச் சொல்லிவிட்டு, "சேர்ந்த பிறகு ரத்தம் படுதா? வலிக்குதா?" என்று மருத்துவர்தான் முந்திக் கேட்கவேண்டும். வலி என்றாலே புற்று என்று பயந்துவிடவும் வேண்டாம். மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து பிறப்புறுப்பு வறண்டும் வலிக்கலாம். அதற்குக் களிம்பு இருக்கிறது.

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஏறும் பெண்கள் விடியும் முன்பே குமுளி, போடிமெட்டு வழியாக மலையேறிவிடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் திறக்கும் நேரத்துக்கு அவர்கள் கேரளத்தில். தானே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கும் ஹெச்பிவி பரிசோதனை அவர்களுக்குப் பொருந்தும். உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றிருக்கிறது. ஆனால் ரத்தம் படுகிற பெண்ணுக்கு அந்தக் குச்சி போதாது. ஒருநாள் கூலி போனாலும் அவர் மேசையில் படுத்தாக வேண்டும், மருத்துவர் கண்ணால் பார்த்தாக வேண்டும்.