தாடை மூட்டு வலி: மூன்று விரல் சோதனை



தேர்வு நெருங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கிறோம் என்பார்கள். சிலருக்கு அது உண்மையிலேயே நடக்கிறது. காலையில் எழும்போது கன்னம் கனக்கும். கொட்டாவி விட்டால் காதருகே 'டக்' என்று ஒலி கேட்கும். ரொட்டி சானாயை மென்றால் நெற்றிப் பொட்டு வரை வலி ஏறும். இயன்முறை மருத்துவம் பயின்றவன் என்ற முறையில் இந்த வலியைப் பற்றி இங்கே விளக்க விரும்புகிறேன்.

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலின் கீழ் அசைவதுதான் தாடை மூட்டு. அதனுள்ளே மெல்லிய வட்டு ஒன்று உண்டு. வாயைத் திறக்கும்போது தாடை முதலில் சுழலும், பிறகு முன்னோக்கி நகரும். வட்டும் கூடவே நகர வேண்டும். அது இடம் விலகினால் ஒலி எழும். வலியில்லாத ஒலிக்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை.

1934இல் காஸ்டன் என்ற அமெரிக்க மருத்துவர், பற்களை இழப்பதால் கடிவாய் மாறுவதே இவ்வலிக்குக் காரணம் என்று எழுதினார். அதன் பிறகு பல ஆண்டுகள் பற்கள்மீதே பழி விழுந்தது. இன்றோ தசை இறுக்கம், மன உளைச்சல், பல் கடிக்கும் பழக்கம், அடிபடுதல் எனப் பல காரணங்கள் சேர்ந்தே வலியைத் தருகின்றன என்று அறிகிறோம்.

மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிறார் என் அத்தை. தீபாவளி விற்பனைக் காலத்தில் காலை முதல் இரவு வரை ஓயாமல் பேசுவார். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பார். வலி வந்தபோது ஓரிடத்தில் பற்களை ராவிச் சரிசெய்யலாம் என்றார்களாம். ராவிய பல் மீண்டும் வளராது. நல்லவேளையாக, வேறொரு பல் மருத்துவர் அவரை இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார்.

அங்கே இறுகிய தசைகளைக் கையால் அழுத்தித் தளர்த்தினார்கள். வீட்டில் வெதுவெதுப்பான துண்டால் ஒத்தடம், மென்மையான உணவு. ஒரு பயிற்சியும் உண்டு. நாக்கின் நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் வைத்து, நாக்கு விலகாத அளவுக்கு மெல்ல வாயைத் திறக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஆறு முறை, நாளுக்கு ஆறு வேளை. சில வாரங்களில் வலி தணிந்தது. இன்னொரு விதியும் சொன்னார்கள்: உதடுகள் சேர்ந்திருக்கலாம், உண்ணாத நேரத்தில் பற்கள் தொடக்கூடாது. இடுபணி எழுதும் நாமும் இதைக் கடைப்பிடிக்கலாம்.

நாள்பட்ட தாடை வலிக்குத் தாடைப் பயிற்சியையும் கையால் செய்யும் சிகிச்சையையும் 2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டி வலுவாகப் பரிந்துரைத்தது.

ஆனால் வாய் திறக்கவில்லை என்றாலே மூட்டுக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது. பெரியவர்களுக்கு வாய் ஏறத்தாழ 40 மில்லிமீட்டருக்கு மேல் திறக்க வேண்டும். அவரவர் மூன்று விரல்களை நெடுக்காக வைத்தால் நுழையும் அளவு அது. அத்தையுடன் வேலை செய்யும் மூதாட்டி ஒருவருக்கு இரண்டு விரலே நுழையவில்லை. மூட்டில் வலியில்லை, ஆனால் காரம் பட்டால் வாய் எரியும். பல்லாண்டுகளாக வெற்றிலை பாக்குப் போடுபவர் அவர்.

பாக்கினால் கன்னத்தின் உட்புறத்தில் நார்த்திசு படிந்து இறுகும். அது பின்னர் வாய்ப்புற்றாகவும் மாறக்கூடும். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அறிவித்தது. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடையே கூடுதலாகக் காணப்படுவதை நாம் மறக்கலாகாது. இத்தகையவருக்கு முதலில் வேண்டியது வாய்ப் பரிசோதனை. பயிற்சி அதற்குப் பிறகுதான்.

ஆகவே நண்பர்களே, தாடை வலித்தால் முதலில் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். அரசாங்கப் பல் மருத்துவக் கிளினிக்கே போதும். இயன்முறை மருத்துவரை நாடும்போது, 2016ஆம் ஆண்டுச் சட்டம் 774இன் கீழ் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். வாய் திடீரெனப் பூட்டிக்கொண்டாலோ, வீக்கமும் காய்ச்சலும் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். நெஞ்சுவலியோடு தாடை வலித்தால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, வெற்றிலை போடும் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அருகில் அமர்ந்து, வாயைத் திறந்து மூன்று விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.