தலைவனும் தராசும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் தராசு பிழைத்தால், அன்றைய உழைப்பின் கணக்கே பிழைபட்டுவிடும். மக்களுக்குத் தலைவனும் அத்தகைய தராசே. வள்ளுவரும் சான்றோர்க்குத் துலாக்கோலையே உவமை காட்டினார்.

சொல்வன்மை கூட்டத்தைச் சேர்க்கும். அக்கூட்டம் தன் சேமிப்பை ஒப்படைக்க வேண்டுமாயின், தலைவனிடம் நாணயம் வேண்டும். துன் வீ. தி. சம்பந்தனின் வரலாறு இதற்குச் சான்று.

1957இல் மலாயா விடுதலை பெற்றதையொட்டி, ஐரோப்பிய முதலாளிகள் பலர் ரப்பர்த் தோட்டங்களை விற்றனர். அவை துண்டாடப்பட்டன, தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். இதற்கு மாற்றாக, தொழிலாளரே தோட்டங்களை வாங்கும்பொருட்டு, 1960இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோறும் சென்று, பால்மரம் வெட்டுவோரிடம் சிறுசிறு தொகையாகப் பங்குப் பணம் திரட்டினார். அச்சங்கம் இன்றும் இயங்குகிறது.

அன்றாடங்காய்ச்சியின் சேமிப்புக்கு அன்று ஈடாக நின்றது எது? தந்தை தேடிய சொத்தைப் பொதுப்பணியில் செலவிட்டவர் பிறர் காசைத் தொடமாட்டார் என்னும் நம்பிக்கையே. கணக்காய்வு களவைப் பின்னர்க் காட்டும்; ஒழுக்கமோ முன்னரே தடுக்கும்.

ஆகவே, தலைவரைத் தேர்வோர் அவர்தம் பேச்சை மட்டும் கேட்டல் போதாது. பதவிக்கு முன் அவர் கைப்பொருள் எவ்வளவு, பின் எவ்வளவு என்பதையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.