ஒரு தபாலட்டை எழுதுவதால் என்ன பயன்?

பொதுவில் ஒரு கேள்வி கேட்பதற்கோ, தெரிந்ததைப் பிறருக்குச் சொல்வதற்கோ யாரும் கூலி தருவதில்லை. முத்திரைச் செலவும் நம்முடையதே. ஆயினும் மக்கள் எழுதுகிறார்கள். ஏன்?

கொத்மலையைப் பாருங்கள். மகாவலித் திட்டத்தின் கீழ் 1985 இல் அங்கு நீர்த்தேக்கம் திறக்கப்பட்டபோது பள்ளத்தாக்கின் வயல்களும் வீடுகளும் நீரில் மூழ்கின. சுமார் 3,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. சிலர் அயலிலுள்ள மேட்டுநிலங்களிலும், சிலர் தொலைவான உலர்வலயக் குடியேற்றங்களிலும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. 1989 இல் அப்பகுதிக்கென இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் கொத்மலை சமூக வானொலியை ஆரம்பித்தது. 1999 இல் யுனெஸ்கோ உதவியுடன் அந்நிலையத்துக்கு இணைய வசதி கிடைத்தது. கிராமத்தவர்கள் தம் கேள்விகளை அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் விடையைத் தேடி, துறை அறிந்தவர்களுடன் சேர்ந்து ஊர்மொழியில் விளக்குவார்கள். ஒருவர் கேட்ட கேள்விக்கான விடை, கேட்கத் தயங்கிய பலருக்கும் போய்ச் சேர்ந்தது. எழுதுவதற்கு முதற் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம், கூடிப் பேசுவதால் அறிவு வளர்கிறது என்பது. இந்தியாவில் 1956 இல் புனேயைச் சூழ்ந்த சுமார் 150 கிராமங்களில் வானொலிக் கேட்போர் குழுக்கள் அமைக்கப்பட்டன. வாரம் இருமுறை நிகழ்ச்சியைக் கேட்டு, கலந்துரையாடி, தம் கேள்விகளை நிலையத்துக்கு அனுப்பினார்கள். வானொலிப் பெட்டி மட்டும் இருந்த கிராமங்களைவிட, கூடிப் பேசிய கிராமங்களிலேயே மக்கள் அதிகம் கற்றனர் என ஆய்வு காட்டியது.

மூன்றாவது காரணம் நமக்கு மிக நெருக்கமானது. கிருலப்பனையில் வாடகை அறையில் வாழும் கமக்காரர் அயலவர்களுக்கு வெறும் 'அகதி'. சந்தையில் மரக்கறியை விலை கொடுத்து வாங்கும் ஒருவர், அவ்வளவே. ஆனால் வெங்காய விதையை எப்படிக் காயவைப்பது, எந்த மண்ணுக்கு எத்தனை நாளுக்கொருமுறை இறைப்பது என்று அவர் சொல்லும்போது மீண்டும் கமக்காரராகிறார். காணி கைவிட்டுப் போனாலும் கைப்பழக்கம் போகவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால், வயலைக் காணாமல் வளரும் பிள்ளைகளுடன் அதுவும் அற்றுப்போகும்.

ஒன்றை மறக்கலாகாது. பதில் வராத இடத்துக்கு எவரும் இரண்டாம் முறை எழுதமாட்டார்கள். தவறாகச் சொன்னவரை ஏளனம் செய்தால் அடுத்தவரும் வாய் திறக்கமாட்டார்.

ஆகவே உங்கள் சனசமூக நிலையத்திலோ மாதர் சங்கத்திலோ ஒரு கொப்பி வையுங்கள். கேள்விகளை அதில் எழுதுங்கள். எழுதத் தெரியாத மூத்தோர் சொல்வதைப் பிள்ளைகள் எழுதட்டும். வாரம் ஒருமுறை கூடி வாசியுங்கள். விடை தெரிந்தவர் சொல்லட்டும். தெரியாவிட்டால் கமநல சேவை நிலையத்தில் ஒருவர் விசாரித்து வரட்டும். விடை சொன்னவரின் பெயரையும் அருகில் எழுதுங்கள். அந்தப் பெயரே அவருக்குரிய கூலி.